எந்தப் படத்திற்குப் போவது?

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேலையும் வீடும் போக மாதத்தில் இரண்டு முறைதான் என்னால் திரையரங்கிற்குப் போக முடிகிறது. ஆனால் வாரந்தோறும் பல புதிய படங்கள் வெளியாகின்றன. கடந்த ஓராண்டாக இணையத்தில் வரும் மதிப்பெண்களைப் பார்த்தே தேர்ந்தெடுத்து வந்தேன். 90 விழுக்காட்டிற்கு மேல் பெற்ற படங்கள்கூட மறுநாள் காலையில் நினைவில் நிற்பதில்லை. இப்போது என் முன் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று, பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட ஒரு வெற்றிப்படத்தின் இரண்டாம் பாகம். மற்றொன்று, புதிய இயக்குநர் ஒருவரின் முதல் படம்; ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாமல் வாழும் தந்தையையும் மகளையும் பற்றியது என்கிறார்கள். "சின்னப் படத்தை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், பெரிய திரை பெரிய படத்துக்குத்தான்" என்கிறான் என் தம்பி. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்? விமர்சனங்களைப் படித்துவிட்டுத்தான் போவீர்களா?

இப்படிக்கு,
தங்கள் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். அந்த 90 விழுக்காட்டிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் உங்கள் ஏமாற்றத்தின் பெரும்பகுதி அந்த எண்ணைப் புரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. 1998 முதல் இயங்கிவரும் ராட்டன் டொமேட்டோஸ் தளம் காட்டும் விழுக்காடு ஒரு படம் எவ்வளவு நல்ல படம் என்பதைச் சொல்வதில்லை; விமர்சகர்களில் எத்தனை பேர் அதைப் பற்றிச் சாதகமாக எழுதினார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. பத்து விமர்சகர்களும் 'குறையில்லை, ஒருமுறை பார்க்கலாம்' என்று எழுதிய படம் அந்தக் கணக்கில் 100 விழுக்காடு பெற்றுவிடும். ஐந்து பேர் தங்கள் வாழ்நாளில் பார்த்த மிகச் சிறந்த படங்களில் ஒன்று என்று எழுதி, மற்ற ஐந்து பேர் பொறுக்க முடியவில்லை என்று எழுதிய படமோ 50 விழுக்காட்டில் நின்றுவிடும். ஆகவே அதிக விழுக்காட்டைத் தேடிப் போகும் ஒருவர், தம்மை அறியாமலேயே, யாருக்கும் மனத்தாங்கல் தராத படங்களைத் தேடிப் போகிறார். அவை மறுநாள் மறந்துபோவதில் வியப்பில்லை. மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள் விமர்சகர்கள் தந்த மதிப்பெண்களின் சராசரியைக் கணக்கிடுகின்றன. அதுவும் இரு துருவங்களை நடுவில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் கேட்டு வழங்கப்படும் சினிமாஸ்கோர் தரமதிப்பு இவற்றிலிருந்து வேறுபட்டது: வந்தவர்கள் எதிர்பார்த்து வந்தது கிடைத்ததா என்பதையே அது பெரும்பாலும் அளக்கிறது. திகிலை எதிர்பார்த்து வந்தவருக்குத் துயரத்தைக் காட்டிய படம், அது எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், அங்கே தாழ்ந்த தரமே பெறும்.

மாதத்திற்கு இரண்டே படங்கள் பார்க்கும் ஒருவர் எண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்றால், விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கும் படத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. ஐந்து பேர் ஒரு படத்தை உயிரைக் கொடுத்து ஆதரிக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கானதாக இல்லாமலும் போகலாம், ஆனால் மறந்துபோகாது. முதல் வாரத் தீர்ப்பு எவ்வளவு நிலையற்றது என்பதற்கு இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'வெர்டிகோ' படமே சான்று. 1958ஆம் ஆண்டில் அது வெளியானபோது விமர்சகர்களிடையே ஒருமித்த வரவேற்பு இல்லை. உலகின் மிகச் சிறந்த படம் எது என்று பிரிட்டனின் 'சைட் அண்ட் சவுண்ட்' திரைப்பட இதழ் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் நடத்தும் வாக்கெடுப்பில், 2012ஆம் ஆண்டில் அதே படம் முதலிடம் பெற்றது.

முன்னோட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றைத் தொகுப்பவர்கள் பெரும்பாலும் படத்தின் தொகுப்பாளர்கள் அல்லர். அதற்கென்றே இருக்கும் வேறு நிறுவனத்தினர். படத்தொகுப்பு முடியும் முன்பே முன்னோட்டம் வெளியாவதும் உண்டு, அதனால்தான் முன்னோட்டத்தில் கண்ட காட்சி சில வேளைகளில் படத்தில் இருப்பதில்லை. இரண்டரை மணி நேரப் படத்தின் வேகத்தை இரண்டரை நிமிடத் துண்டிலிருந்து அறிய முடியாது. வேகத்தை அறியாமல் அந்தப் படம் நமக்கு ஒத்துவருமா என்பதையும் அறிய முடியாது.

இப்போது உங்கள் தம்பியின் கருத்துக்கு வருகிறேன். பலரும் சொல்வது அது, கேட்டவுடன் சரியாகவே தோன்றுவதும் கூட. நான் அதற்கு நேர் எதிரான முடிவுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. பெரும் பொருட்செலவில் எடுக்கப்பட்ட படம் பெரிய திரையில் இன்னும் நன்றாக இருக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது வீட்டிலும் தாக்குப்பிடித்துவிடும். நடுவில் யாராவது அழைத்தாலும், ஐந்து நிமிடம் கவனம் சிதறினாலும், அடுத்த துரத்தல் காட்சி நம்மைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுத்துக்கொள்வதற்காகவே அது கட்டப்பட்டிருக்கிறது. மௌனத்தால் கட்டப்பட்ட படத்திற்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஒருவர் சன்னலருகே அரை நிமிடம் நிற்கும் காட்சியில் நாம் கைப்பேசியைப் பார்த்துவிட்டால், நாம் இழந்தது அரை நிமிடம் அன்று, அதற்கு முந்தைய இருபது நிமிடங்கள் சேர்த்துவைத்த எடை முழுவதும்.

மேலே சொன்ன 'சைட் அண்ட் சவுண்ட்' இதழின் 2022ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் முதலிடம் பெற்றது ஷாந்தால் ஆக்கர்மான் 1975இல் இயக்கிய 'ழான் டீல்மான்' என்ற படம். பெண் இயக்குநர் ஒருவரின் படம் அந்தப் பட்டியலில் முதலிடம் பெற்றது அதுவே முதல் முறை. 201 நிமிடங்கள் ஓடும் அந்தப் படத்தில் ஒரு பெண் மூன்று நாள்கள் தன் வீட்டு வேலைகளைச் செய்கிறாள்: சமைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், விளக்கை அணைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போகிறாள். பின்னர் அந்த ஒழுங்கில் சிறு பிசகுகள் தோன்றத் தொடங்குகின்றன. அடுப்பில் வைத்த உருளைக்கிழங்கு குழைந்துபோவது அந்தப் படத்தில் ஒரு பெருநிகழ்ச்சி. முந்தைய நாள் அவள் அதைச் செய்ததை நாம் பொறுமையாகப் பார்த்திருந்தால்தான் அது பெருநிகழ்ச்சியாக நம்மைத் தாக்கும். இடைநிறுத்தும் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் பார்ப்பவர் அதை அழுத்தாமல் இருப்பது மிக அரிது. எழுந்து போக மனமிருந்தும் இருளில் அமர்ந்திருக்கும் நிலை, சுற்றிலும் உள்ளவர்களும் அவ்வாறே அமர்ந்து பார்க்கிறார்கள் என்ற உணர்வு ஆகியவை அந்தப் படத்தின் பகுதிகள் என்றே சொல்வேன்.

இதை நான் நூலறிவாகச் சொல்லவில்லை. ஒரு சிறு படத்தைப் பற்றி வந்த குறைந்த மதிப்பெண்ணை நம்பி, அதைத் திரையரங்கில் தவறவிட்டு, பின்னர் வீட்டில் நான்கு மாலைகளில் நான்கு துண்டுகளாகப் பார்த்து, 'இழுவை' என்ற ஒற்றைச் சொல்லில் அதை முடித்துவைத்தேன். சில ஆண்டுகளுக்குப் பின் ஒரு திரையிடலில் அதே படத்தை ஒரே அமர்வில் பார்க்க நேர்ந்தது. நான் இழுவை என்று சொன்ன இடங்களில் அரங்கில் ஒருவரும் அசையவில்லை. கடைசிக் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த முதியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். அதன் இயக்குநருக்கு அன்று முதல் நான் ஒரு கடன்பட்டவனாகவே இருக்கிறேன்.

அப்படியானால் எதைக் கொண்டு தேர்ந்தெடுப்பது என்று கேட்பீர்கள். நான் பெயர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறேன். நடிகர் பெயரைக் கொண்டு தேர்ந்தெடுக்கும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அது தவறும் அன்று. அதோடு ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், ஒலி வடிவமைப்பாளர் ஆகியோரின் பெயர்களையும் கவனிக்கத் தொடங்குங்கள். உங்களுக்குப் பிடித்த ஒரு படத்தின் எந்தத் தருணம் மனத்தில் நின்றது என்று யோசித்து, அதைச் செய்தவர் யார் என்று இறுதிப் பெயர்ப்பட்டியலில் தேடுங்கள். 'அபோகலிப்ஸ் நவ்' (1979) படத்தின் தொடக்கத்தில் ஹெலிகாப்டரின் சுழல் ஓசையும் அறையின் மின்விசிறியும் ஒன்றாய்க் கலந்து, ஒருவனின் நினைவும் நிகழ்காலமும் ஒன்றையொன்று தின்பதைக் காதாலேயே உணர்கிறோம். அந்த ஒலியை வடிவமைத்த வால்டர் மர்ச்சின் பெயர் எந்தப் படத்தில் வந்தாலும் அதை நான் திரையரங்கில்தான் பார்க்க விரும்புவேன், கதை என்னவென்று கேட்கமாட்டேன். 1980ஆம் ஆண்டின் 'ரேஜிங் புல்' முதல் மார்ட்டின் ஸ்கார்செஸியின் கதைப்படங்கள் அனைத்தையும் தொகுத்தவர் தெல்மா ஷூன்மேக்கர். அந்தப் படங்களின் வேகத்தை நாம் இயக்குநரின் கணக்கில் மட்டும் எழுதிவிடுகிறோம். புதிய இயக்குநரின் முதல் படத்திலும் இந்த வழி உதவும். இயக்குநரை நமக்குத் தெரியாது. ஆனால் அவரை நம்பி வந்த ஒளிப்பதிவாளரையோ படத்தொகுப்பாளரையோ நமக்குத் தெரிந்திருக்கக்கூடும். தேர்ந்த கலைஞர் ஒருவர் அறிமுக இயக்குநரின் சிறு படத்திற்கு வருவது பெரும்பாலும் கதை அவரைத் தொட்டதால்தான்.

விமர்சனங்களைப் படித்துவிட்டுப் போவீர்களா என்று கேட்டிருந்தீர்கள். நான் விமர்சனங்களைப் பெரிதும் மதிப்பவன். ஆனால் படம் பார்த்துவிட்டு வந்துதான் முழுமையாகப் படிப்பேன். பார்ப்பதற்கு முன் படிப்பது, பல ஆண்டுகளாக நான் தொடர்ந்து வாசித்துவரும் ஓரிருவரின் முதல் பத்தியை மட்டுமே. அவர்களில் ஒருவரோடு எனக்கு ஏறக்குறைய எப்போதும் கருத்து வேற்றுமைதான். அவர் 'நாடகத்தனமாக உணர்ச்சிவசப்படுகிறது' என்று ஒரு படத்தைக் குறை சொன்னால், அது எனக்கு மிகவும் பிடிக்கும் என்று தெரிந்துகொள்கிறேன். நம்மோடு ஒத்துப்போகும் விமர்சகர் தேவையில்லை. எதை ஏன் சொல்கிறார் என்பது நமக்கு விளங்கும் விமர்சகர் ஒருவரே போதும். அந்தப் பழக்கம் ஏற்பட ஓராண்டாவது ஆகும். பார்த்துவிட்டு வந்த இரவே, மற்றவர் எழுதியதைப் படிக்கும் முன், உங்கள் மனத்தில் நின்றதை நாலு வரி எழுதி வையுங்கள். பத்துப் படங்களுக்குப் பின் அந்தக் குறிப்பேடு உங்கள் ரசனையைப் பற்றி எந்தத் தளத்தையும்விடத் தெளிவாகச் சொல்லும்.

நடைமுறையில் இன்னொன்று. முதல் வார வசூலைப் பொறுத்தே காட்சிகளின் எண்ணிக்கை முடிவாகிறது. பெரிய படம் இரண்டாம் வாரத்திலும் மூன்றாம் வாரத்திலும் நல்ல நேரக் காட்சிகளோடு நிற்கும். சிறிய படத்திற்கு முதல் வாரத்தில் கூட்டம் இல்லையென்றால், அடுத்த வாரம் யாரும் போக முடியாத நண்பகல் காட்சி ஒன்றாகச் சுருங்கிப் பிறகு மறைந்துவிடும். 'பார்க்க வேண்டும் என்று நினைத்தேன், எடுத்துவிட்டார்கள்' என்று நாம் சொல்லும் படங்கள் எல்லாம் இப்படிப் போனவைதாம்.

ஆகவே, இந்த வாரக் கடைசியில் அந்தத் தந்தை, மகள் படத்திற்குப் போங்கள். அரங்கின் நடுப்பகுதியில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால் இடம் கிடைத்தால் ஒலி சரியாகச் சேரும். தம்பியையும் அழைத்துப் போங்கள், ஆனால் இடைவேளையில் படத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளாதீர்கள். அந்த இரண்டாம் பாகத்தை அடுத்த வாரமோ அதற்கடுத்த வாரமோ, கூட்டம் குறைந்த பின் பார்க்கலாம். முதல் பாகம் உங்களுக்குப் பிடித்திருந்தால் மட்டும். பார்த்த இரவு நீங்கள் எழுதிய நாலு வரியை எனக்கு அனுப்புங்கள். படம் பிடிக்காமல் போயிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நானும் இந்த வாரம் அதே படத்திற்குத்தான் போகிறேன்.

அன்புடன்.