காயீனின் மனைவியைத் தேடுகிறவர்களுக்கு

கேள்வி: ஆதாம், ஏவாள், காயீன், ஆபேல். உலகத்தில் மொத்தம் நாலே பேர். அண்ணன் தம்பியைக் கொன்றாயிற்று, மிச்சம் மூன்று பேர். அப்படியிருக்க, கண்ணில் படுகிறவன் எவனும் தன்னைக் கொன்றுவிடுவான் என்று காயீன் யாருக்குப் பயந்தான்? அவனுக்கு மனைவி எங்கிருந்து வந்தாள்? யார் குடியிருக்கப் பட்டணம் கட்டினான்? முதல் குடும்பத்திலேயே இத்தனை ஓட்டை! போதகர்களிடம் கேட்டால் மழுப்புகிறார்கள். நீங்களாவது சுற்றி வளைக்காமல் பதில் சொல்வீர்களா?

பதில்: சொல்கிறேன். முதலில் அந்த நாலு. 'மொத்தம் நாலே பேர்' என்ற கணக்கு எங்கே கிடைத்தது? வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அந்தக் கட்டத்தில் பெயரோடு வருகிறவர்கள் நாலு பேர், அவ்வளவுதான். நாலாம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரு பக்கம் புரட்டியிருந்தால் ஐந்தாம் அதிகாரம், நாலாம் வசனம் கண்ணில் பட்டிருக்கும். சேத் என்ற மகனைப் பெற்றபின் ஆதாம் 800 வருஷம் உயிரோடிருந்து 'குமாரரையும் குமாரத்திகளையும்' பெற்றானாம். மொத்த ஆயுள் 930 வருஷம்.

'அது சேத் பிறந்த பிறகு. காயீன் அதற்கு முன்னாலேயே போய்விட்டானே' என்பீர்கள். நியாயம்தான். நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியே அதுதான். சேத் பிறக்கும்போது ஆதாமுக்கு வயது 130. காயீன் கொன்ற ஆபேலுக்குப் பதிலாக தேவன் கொடுத்த பிள்ளை என்கிறாள் ஏவாள். ஆகவே கொலை அந்த 130 வருஷத்துக்குள் எப்போதோ நடந்திருக்கிறது. எப்போது என்று நூல் சொல்லவில்லை. அன்று காயீனுக்கு என்ன வயது, வீட்டில் வேறு எத்தனை பிள்ளைகள், இரண்டும் அதில் இல்லை. நமக்குத்தான் படங்களில் பார்த்த இரண்டு வாலிபர்கள் மனதில் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ் வேதாகமமும் கொஞ்சம் காலை வாரிவிடுகிறது. 'சிலநாள் சென்றபின்பு' காயீன் காணிக்கை கொண்டுவந்தான் என்று அதில் இருக்கிறது. சிலநாள் என்றால் நமக்கு ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள். எபிரெயத்தில் இருப்பதோ 'நாட்களின் முடிவில்' என்று பொருள்படும், அளவு சொல்லாத ஒரு தொடர். எத்தனை வருஷத்தையும் அதற்குள் அடக்கலாம்.

அப்புறம் அந்த மனைவி. நோத் தேசத்துக்குப் போய் அங்கே ஒரு பெண்ணைக் கண்டு கட்டிக்கொண்டான் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வசனம் அப்படிச் சொல்லவில்லை. நோத்தில் குடியிருந்தான் என்று ஒரு வரி, தன் மனைவியை அறிந்தான், அவள் ஏனோக்கைப் பெற்றாள் என்று அடுத்த வரி. 'தன் மனைவி' என்றுதான் அவள் அறிமுகமே ஆகிறாள். எப்போது, எங்கே மணந்தான் என்ற பேச்சே இல்லை. போகும்போதே கூட்டிக்கொண்டு போயிருக்கலாம்.

அவள் பெயரும் இல்லை என்பது உங்களுக்கு உறுத்தலாம். ஐந்தாம் அதிகாரத்தை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஆதாம் முதல் நோவா வரை பத்துத் தலைமுறை, ஒரு தாயின் பெயர் கிடையாது. ஏவாளின் பெயர்கூட அந்தப் பட்டியலில் இல்லை. சேத்துக்கும் பெண் வேண்டியிருந்ததே, அவனுக்கு எங்கிருந்து வந்தாள் என்று யாராவது கேட்டு நான் பார்த்ததில்லை. ஜலப்பிரளயத்தில் தப்பிப் பேழையிலிருந்து இறங்கிய நோவாவின் மனைவிக்கே பெயர் இல்லை. காயீன் கொலைகாரன் என்பதால் அவன் வீட்டு விவகாரத்தில் மட்டும் எல்லோருக்கும் ஆர்வம்.

சரி, அவள் யார்? ஏவாளை ஜீவனுள்ளோருக்கெல்லாம் தாய் என்று மூன்றாம் அதிகாரமே சொல்லிவிட்டதால், காயீனின் சகோதரியாகவோ சகோதரன் மகளாகவோதான் இருக்க வேண்டும் என்பது பழைய பதில். கிறிஸ்துவுக்கு முந்தைய யூத நூலான யூபிலி நூல் அவளுக்கு ஆவான் என்று பெயரே வைத்து, சகோதரி என்று எழுதிவிட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் கிறிஸ்தவ இறையியலாளர் அகஸ்டினும் இதையே சொன்னார்: வேறு ஆள் இல்லாத காலத்தில் அது கட்டாயம், பிற்காலத்தில் அதே காரியம் அருவருப்பு. சகோதரியை மணக்கக் கூடாது என்ற தடை லேவியராகமத்தில், மோசேயின் காலத்தில்தான் வருகிறது. அதற்கு முன் ஆபிரகாமே சாராளைப் பற்றி, என் தகப்பனுக்குக் குமாரத்தி, என் தாய்க்குக் குமாரத்தி அல்ல என்கிறான்.

இதைச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் போதகர்கள் மழுப்புகிறார்கள். மழுப்புவதால்தான் கேள்வி கேட்கிற பையனுக்கு அங்கே ஏதோ பெரிய ரகசியம் இருப்பதாகப் படுகிறது. 1925-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், பள்ளியில் பரிணாமம் கற்பித்த ஆசிரியர் மீது நடந்த வழக்கில், ஆசிரியர் தரப்பு வழக்கறிஞர் டாரோ இதே கேள்வியை, எதிர்த்தரப்பில் வேதாகமத்துக்காக நின்று சாட்சிக் கூண்டில் ஏறியிருந்த பிரயனிடம் கேட்டார். அவளைத் தேடும் வேலையை ஐயவாதிகளுக்கே விட்டுவிடுகிறேன் என்றார் பிரயன். கூட்டத்தில் கைதட்டல் வாங்கித் தரும் பேச்சுதான். பதில் தெரிந்த மனுஷன் சொல்கிற பதில் இல்லை.

இன்னொரு பதிலும் உண்டு. ஆதாமுக்கு முன்பே மனிதர்கள் இருந்தார்கள், ஆதாம் யூதர்களுக்கு மட்டுமே மூதாதை என்று 1655-இல் ஒரு புத்தகம் போட்டார் ஐசக் லா பெய்ரேர் என்ற பிரெஞ்சுக்காரர். நீங்கள் கேட்கிற மூன்றும் அவர் கையில் இருந்த சான்றுகள். புத்தகத்தை எரித்தார்கள், அவரைப் பிடித்து அடைத்தார்கள், கடைசியில் ரோமுக்குப் போய்ச் சொன்னதை வாபஸ் வாங்கினார். பாவம் என்று தோன்றும். ஆனால் அந்தக் கருத்து பிழைத்துக்கொண்டது. 19-ஆம் நூற்றாண்டில் அதை எடுத்துக்கொண்டவர்கள், கறுப்பர்கள் ஆதாமின் சந்ததியே இல்லை என்று நிரூபிக்கப் பயன்படுத்தினார்கள். காயீனுக்குப் பெண் தேடப் போன இடம் அது.

பயத்துக்கும் பட்டணத்துக்கும் அதிக நேரம் வேண்டாம். கொல்லப்பட்டவனுக்காகப் பழிவாங்க வருகிறவன் அவனுடைய இரத்த உறவாகத்தான் இருப்பான். காயீன் பயந்தது சொந்தக்காரர்களுக்கு, இனிமேல் பிறக்கப்போகிறவர்களையும் சேர்த்து. பட்டணம் என்று நாம் படிக்கிற எபிரெயச் சொல் நாலு வீட்டைச் சுற்றிச் சுவர் எழுப்பிய குடியிருப்புக்கும் பொருந்தும். எனக்கு அதைவிட ருசியாகப் படுவது வேறொன்று. 'நிலையற்று அலைகிறவனாயிருப்பாய்' என்பது அவனுக்குக் கிடைத்த தண்டனை. நோத் என்ற சொல்லுக்கே அலைச்சல் என்று பொருள். அலைச்சல் தேசத்தில் போய் உட்கார்ந்துகொண்டு ஊர் கட்டி, மகன் பெயரை அதற்கு வைக்கிறான்.

இவ்வளவும் சொன்னதால் ஆதாம் 930 வருஷம் வாழ்ந்ததற்கு நான் சாட்சி சொல்வதாக நினைக்க வேண்டாம். நூல் தனக்குள்ளேயே உடைகிறது என்றீர்கள், நீங்கள் காட்டிய இடங்களில் உடையவில்லை என்கிறேன். அதே சமயம் உங்கள் உறுத்தலில் ஓர் உண்மை இருக்கிறது. நாலாம் அதிகாரத்தைத் தனியாகப் படித்தால், ஏற்கனவே ஜனங்கள் நடமாடும் உலகத்தில் நடக்கிற கதை மாதிரிதான் இருக்கிறது. ஆய்வாளர்கள் பலர் இதற்குச் சொல்லும் காரணம், நாலும் ஐந்தும் வெவ்வேறு மரபிலிருந்து வந்து ஒன்றாகத் தைக்கப்பட்டவை என்பது. இரண்டு வம்சப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காயீன் வழியில் ஏனோக்கு, ஈராத், மெத்தூசவேல், லாமேக்கு. சேத் வழியில் யாரேத், ஏனோக்கு, மெத்தூசலா, லாமேக்கு. தையல் கண்ணுக்கே தெரிகிறது. தைத்தவருக்கும் தெரிந்திருக்கும், மறைக்க அவர் மெனக்கெடவில்லை.

ஓட்டை வேண்டும் என்றால் நானே ஒன்று காட்டுகிறேன். நாலாம் அதிகாரம், எட்டாம் வசனம். 'காயீன் தன் சகோதரனாகிய ஆபேலோடே பேசினான். அவர்கள் வயல்வெளியில் இருக்கும் சமயத்தில்...' என்று நம் பழைய மொழிபெயர்ப்பு நைசாகக் கடந்து போகிறது. எபிரெயத்தில் அது 'பேசினான்' கூட இல்லை, 'சொன்னான்'. காயீன் தன் சகோதரன் ஆபேலிடம் சொன்னான் என்று இருக்கிறது, என்ன சொன்னான் என்பது இல்லை. வாக்கியம் அங்கேயே அறுந்து, அடுத்து வயல்வெளி, அடுத்து கொலை. கிரேக்க மொழிபெயர்ப்பிலும் சமாரியர்களின் பிரதியிலும் 'வயலுக்குப் போவோம் வா' என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலும் அந்த வரி உண்டு. அது முதலிலேயே இருந்து எபிரெயத்தில் விடுபட்டதா, பிறகு இட்டு நிரப்பியதா என்று இன்னும் விவாதம் நடக்கிறது.

பழைய யூத மத அறிஞர்களான ரபிகள் அந்த இடத்தில் ஒரு சண்டையையே எழுதி வைத்தார்கள். அண்ணனும் தம்பியும் உலகத்தைப் பாகம் பிரித்துக்கொள்கிறார்கள். ஒருவனுக்கு நிலம் எல்லாம், மற்றவனுக்கு அசையும் பொருள் எல்லாம். நீ உடுத்தியிருக்கிற துணி என்னுடையது, கழற்று என்கிறான் ஒருவன். நீ நிற்கிற தரை என்னுடையது, பற என்கிறான் மற்றவன். அதற்கப்புறம்தான் கை ஓங்கியதாம்.

இந்தச் சண்டையிலாவது ஆபேலுக்கு ஒரு வாக்கு கிடைத்தது. ஆதியாகமத்தில் அதுவும் இல்லை. ஆடு மேய்த்தான், காணிக்கை கொண்டுவந்தான், செத்தான். வாயைத் திறந்து அவன் ஒரு வார்த்தை பேசிய இடம் கிடையாது. இத்தனை வருஷத்தில் காயீனின் மனைவியைக் கேட்டு எனக்கு வந்த கடிதங்களுக்குக் கணக்கில்லை. ஆபேல் என்ன சொன்னான் என்று கேட்டு ஒன்றுகூட வந்ததில்லை.