மலேசியாவில் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 ரிங்கிட்டாக உயர்த்தியது தேவைதானா? உதவித்தொகையைக் கூட்டினால் போதாதா?

கேள்வியைக் கேட்டவர் தம்மிடம் நான்கு பேர் வேலை செய்வதாகக் குறிப்பிட்டிருக்கிறார். சிறிய உணவகமோ மளிகைக் கடையோ நடத்துகிறார் என்று ஊகிக்கிறேன். ஊகம் தவறென்றால் பொறுத்துக்கொள்ளவும். சம்பளத்தை ஏற்றும் சுமையை முதலாளியின் தலையில் வைக்காமல், வருமானம் குறைந்தவர்களுக்குத் தரும் ரஹ்மா உதவித்தொகையை அரசாங்கமே கூட்டிக் கொடுத்துவிட்டால் யாருக்கும் வருத்தமில்லையே என்பது அவர் வாதம். இந்த வாதத்தை எனக்கு மிக நன்றாகத் தெரியும். என் பழைய முதலாளி கிட்டத்தட்ட இதே சொற்களில்தான் பேசுவார்.

நான் பொருளாதாரம் படித்தவள் அல்லள். பினாங்கு மாநிலத்தின் பிறை நகரில் ஒரு துப்புரவுக் குத்தகை நிறுவனத்தில் 2011 முதல் 2020 வரை சம்பளக் கணக்கு எழுதியவள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் தரை துடைத்து, கழிப்பறை கழுவிய ஏறக்குறைய இருநூறு பேரின் சம்பளச் சீட்டுகள் மாதந்தோறும் என் மேசையிலிருந்துதான் போயின. நிறுவனத்தின் பெயரைக் கேட்க வேண்டாம். அதில் இன்னும் எனக்கு வேண்டியவர்கள் வேலை செய்கிறார்கள்.

தேசியச் சம்பள ஆலோசனை மன்றச் சட்டம் 2011-இல் நிறைவேறி, அதன்கீழ் வந்த முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை 2013 ஜனவரி 1 அன்று நடப்புக்கு வந்தது: தீபகற்பத்தில் 900 ரிங்கிட், சபா, சரவாக், லாபுவானில் 800. அதற்கு முன் இந்த நாட்டில் சம்பளத்துக்குக் கீழ்வரம்பே இருந்ததில்லை என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கடைச் சிப்பந்திகள், தங்குவிடுதி ஊழியர்கள், திரையரங்கு ஊழியர்கள், அத்துடன் பினாங்குத் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் ஆகியோருக்குச் சம்பள மன்றங்கள் இருந்தன. என் தாத்தா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். துடைப்பம் பிடித்தவர்களுக்குத்தான் எந்த மன்றமும் இருக்கவில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். 2012 கடைசியில் முதலாளி என்னை அறைக்கு அழைத்து ஒரு தாளைக் கொடுத்தார். அதுவரை எங்கள் துப்புரவுப் பணியாளர் ஒருவருடைய சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளம் 620, வருகைப் படி 120, உணவுப் படி 80, போக்குவரத்துப் படி 80 என நான்கு வரிகள் இருந்தன; கூட்டினால் 900. புதிய தாளில் ஒரே வரிதான் இருந்தது: அடிப்படைச் சம்பளம் 900. சட்டம் கேட்பது படிகள் சேராத அடிப்படைச் சம்பளத்தை. அதை அவர் படிகளைக் கரைத்தே கொடுத்துவிட்டார். ஆணை நடப்புக்கு வருமுன் சம்பள அமைப்பை மாற்றிப் பேசிக்கொள்ளவும் இடமிருந்தது. அதற்காக மலாய் மொழியில் ஓர் ஒப்புதல் கடிதம் தயாரித்து, இருநூறு பேரிடமும் கையெழுத்து வாங்கும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார்கள். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று தமிழில் கேட்டவர்களுக்குத் தமிழிலேயே விளக்கினேன். "புதுச் சட்டம்க்கா, எல்லாருக்கும் 900 ஆகுது" என்றேன். நான் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. படிகள் போகின்றன என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஜனவரிச் சம்பளம் கொடுத்த மறுநாள் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பள்ளியில் வேலை செய்த அக்கா ஒருவர், இரண்டு மாதச் சீட்டுகளையும் கையில் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். "ஏம்மா, சம்பளம் ஏறுச்சின்னு சொன்னே, கையில முப்பது வெள்ளி கொறைஞ்சிருக்கே?" என்று கேட்டார். வெள்ளி என்று அவர் சொன்னது ரிங்கிட்டை. குறைந்திருந்தது உண்மை. எங்கள் நிறுவனம் அதுவரை ஊழியர் சேமநிதியை 620-க்கு மட்டுமே கணக்கிட்டு வந்தது. வருகைப் படிக்கும் உணவுப் படிக்கும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தும், முன்பிருந்தவர் செய்ததையே நானும் செய்தேன். இப்போது 900-க்கும் 11 விழுக்காடு பிடித்ததால் பிடித்தம் 68 ரிங்கிட்டிலிருந்து 99-ஆக உயர்ந்துவிட்டது. ஆக, நாட்டின் முதல் குறைந்தபட்சச் சம்பள ஆணை, அந்த அக்காவின் கைக்கு வரும் பணத்தைக் குறைத்தது.

சேமநிதி அவருடைய பணம்தானே, அதைக் குறைவு என்று எப்படிச் சொல்லலாம் என்று இங்கே யாராவது எழுதுவார்கள். நானும் அன்று அவரிடம் அதையேதான் சொன்னேன். முதலாளியின் பங்கான 13 விழுக்காடும் அதனால் கூடியது என்பதையும், ஆளுக்கு முப்பத்தைந்து ரிங்கிட்டுக்கு மேல் அவருக்குச் செலவு ஏறியது என்பதையும் நான் மறைக்கவில்லை. மூன்று ஆண்டு டெண்டரைப் பழைய விலைக்கு எடுத்திருந்த குத்தகையாளர் அவர். நடுவில் வந்து விழுந்த செலவை யாரிடம் வாங்குவது என்று அவரும் தவித்தார். இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பிறகும், ஒரு பத்துக் கிலோ அரிசி மூட்டையின் விலை அந்த அக்காவின் சமையலறையிலிருந்து போனது போனதுதான்.

அவரைப் போன்றவர்களுக்கு வழக்காட ஆள் இருக்கவில்லை என்பதே எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதே வித்தையைச் சில தங்குவிடுதிகள் சேவைக் கட்டணத்தை வைத்துச் செய்தன: வாடிக்கையாளர் கட்டும் சேவைக் கட்டணத்தில் ஊழியருக்குரிய பங்கை எடுத்து, அதையே அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்துக் குறைந்தபட்சத் தொகையை எட்டியதாகக் காட்டின. அங்கே தொழிற்சங்கம் இருந்தது. வழக்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அப்படிச் செய்யக் கூடாது என்று 2021-இல் தீர்ப்பும் வந்தது. எங்கள் ஆட்கள் ஐந்து பேர் ஒரு பள்ளியிலும் மூன்று பேர் இன்னொரு பள்ளியிலுமாகச் சிதறிக் கிடந்தார்கள். சங்கம் சேர்வது இருக்கட்டும், ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே தீபாவளிக்கு முன் நிறுவனம் அன்பளிப்புக் கூடை கொடுக்கும் நாளில்தான். அந்தக் கூடைகளைக் கொடுக்கும் படம் ஆண்டுதோறும் நாளிதழில் வரும். கரைந்துபோன 280 ரிங்கிட் படிக்கு எந்த நாளிதழிலும் படம் வரவில்லை. உதவியையும் சம்பளத்தையும் ஒன்றாக வைத்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தக் கூடைகள் நினைவுக்கு வருவதற்கு நான் பொறுப்பல்லள்.

பின்னர் 2016-இல் 1,000, 2019-இல் நாடு முழுவதற்கும் 1,100 என்று தொகை ஏறியது. கரைக்கப் படிகள் இல்லாததால் இவை உண்மையாகவே கைக்கு வந்தன. அந்த வகையில் நான் இச்சட்டத்தின் ஆதரவாளர்தான். 2020 பிப்ரவரியில் வந்த ஆணைதான் விசித்திரமானது. மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் 1,200, மற்ற இடங்களில் பழைய 1,100 என்று பிரித்தார்கள். நிபோங் திபால் செபராங் பிறை மாநகர் மன்றத்தின்கீழ் வருவதால் அங்கே 1,200. சற்றுத் தள்ளி, பேராக்கில் இருக்கும் பாரிட் புந்தார் மாவட்ட மன்றத்தின்கீழ் இருந்ததால் 1,100. ஒரே நிறுவனத்தின் ஒரே சீருடை, ஒரே வாளி, தரை துடைக்கும் ஒரே மருந்து. சம்பளம் மட்டும் நூறு ரிங்கிட் வேறு. பாரிட் புந்தாரில் அரிசியும் எண்ணெயும் மலிவு என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 2022 மே மாதம் 1,500 வந்தபோது அந்தப் பிரிவினை நீங்கியது. அதற்குள் நான் வேலையை விட்டிருந்தேன். மனச்சாட்சிக்காக விட்டேன் என்று எண்ண வேண்டாம். மாமியாருக்கு உடல்நலம் இல்லாததால் விட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2024 அக்டோபர் 18 அன்று பிரதமர் அன்வார் இப்ராஹிம் வரவு செலவுத் திட்ட உரையில் அறிவித்த 1,700 ரிங்கிட், 2025 பிப்ரவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. ஐந்துக்கும் குறைவான ஊழியர்களைக் கொண்ட உங்களைப் போன்றவர்களுக்கு ஆகஸ்ட் 1 வரை தவணை கிடைத்தது. சேமநிதியும் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தாவும் பிடித்த பிறகு அந்த 1,700-இல் கைக்கு வருவது ஏறக்குறைய 1,500. இதில் வாடகை கொடுத்து, மோட்டார் சைக்கிள் தவணை கட்டி, பிள்ளையைப் படிக்க வைக்கும் ஒருவருக்கு ரஹ்மா உதவித்தொகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டாயம் வேண்டும். ஆனால் உதவித்தொகைக்குச் சேமநிதி கிடையாது. அடுத்த ஆண்டு எவ்வளவு என்பது அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும்வரை யாருக்கும் தெரியாது. அதைக் காட்டி வங்கியில் கடன் கேட்கவும் முடியாது. முதலாளிக்கும் உதவி வேண்டுமென்றால், 2024-இல் முன்னோட்டமாகத் தொடங்கிய முற்போக்குச் சம்பளத் திட்டம் இருக்கிறது. விரும்பிச் சேரும் நிறுவனம் சம்பளத்தை உயர்த்தினால், தொடக்கநிலை ஊழியர் ஒருவருக்கு மாதம் 200 ரிங்கிட் வரையும் மற்றவர்களுக்கு 300 வரையும் அரசாங்கம் ஈடு கொடுக்கிறது. இது விருப்பத்துக்கு விட்ட திட்டம் என்பதால், சட்டத்துக்கு மாற்றாகாது.

வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் இதே சம்பளமா என்ற குமுறலையும் உங்கள் கேள்வியில் கண்டேன். அவர்களுக்கு விலக்குக் கொடுத்துப் பாருங்கள். மறுநாளே எங்கள் அக்காவின் வேலை மலிவான ஆளிடம் போய்விடும்.

அந்த அக்காவைச் சென்ற ஆண்டு பட்டர்வொர்த் சந்தையில் பார்த்தேன். என்மேல் கோபம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அதே பள்ளி, அதே மாடி, ஆனால் நிறுவனம் மூன்றாவது. டெண்டர் கைமாறும் ஒவ்வொரு முறையும் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வதால், ஐந்தாண்டு கடந்தவருக்குச் சட்டப்படி 16 நாள் கிடைக்க வேண்டிய ஆண்டு விடுப்பு அவருக்கு மீண்டும் எட்டு நாளில்தான் நிற்கிறது. சம்பளம் 1,700 முழுதாக வருகிறது என்றார். சீட்டில் எத்தனை வரி இருக்கிறது என்று நான் கேட்டேன். சிரித்தார்.

ஆகவே தேவையா என்றால், தேவை. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பவர்கள் நான் எழுதியதை இரண்டாம் முறை படிக்கவும். கேள்வி கேட்டவரிடம் எனக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆகஸ்டில் உங்கள் நால்வருக்கும் 1,700 என்று எழுதியபோது, அதுவரை கொடுத்துவந்த சாப்பாட்டுப் படியையும் பெட்ரோல் காசையும் என்ன செய்தீர்கள்?