அடைப்பக்காரன் யார்?

கேள்வி: பழைய ஜமீன் கதை ஒன்றில் 'அடைப்பக்காரன்' என்று ஒருவர் வருகிறார். கதவை அடைத்துக் காவல் நிற்பவன் என்கிறார் நண்பர். வெறும் எடுபிடிதான் என்கிறார் இன்னொருவர். எது சரி? (வாசகர், திருமங்கலம்)

பதில்: இரண்டுமே சரியில்லை. கதவுக்கும் இந்தச் சொல்லுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இங்கே 'அடை' என்றால் இலை. குளத்தில் படர்ந்த பச்சை இலையைச் சங்கப் பாட்டு 'பாசடை' என்கிறது. அதே அடை வெற்றிலைக்கும் பெயரானது. வெற்றிலை வைக்கும் பை அடைப்பை, அடைப்பம். அதைச் சுமந்துகொண்டு ராஜாவோடு கூடவே போனவர் அடைப்பக்காரர்.

மதுரையில் கோவலன் கடைசியாக உண்டு முடித்ததும் கண்ணகி 'அம்மென் திரையலோடு அடைக்காய்' தந்தாள் என்கிறது சிலப்பதிகாரம். திரையல் வெற்றிலைச் சுருள், அடைக்காய் பாக்கு. மலையாளத்தில் இன்றும் பாக்கு 'அடைக்க'தான். போர்த்துக்கீசியர் வழியாக அதுவே ஆங்கிலத்துக்குப் போய் 'அரேக்கா' ஆனது.

எடுபிடி என்று ஒதுக்குவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அவர் செய்த வேலையைப் பாருங்கள். இலையைத் துடைத்து, காம்பையும் நுனியையும் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து, நேராக ராஜாவின் கையில் கொடுக்க வேண்டும். அந்த மடிப்புக்குள் நஞ்சு வைக்க ஒரு நொடி போதாதா? குடை பிடிக்க, கவரி வீச, எச்சில் துப்பக் காளாஞ்சி ஏந்த என்று பரிவாரத்தில் எத்தனையோ பேர். வாய்க்குள் போவதை இவர் கையில் ஒப்படைத்தார்கள் என்றால், உயிரையே ஒப்படைத்ததாகத்தான் அர்த்தம். பக்கத்திலேயே நிற்பவர் என்பதால் அந்தரங்கப் பேச்சும் இவர் காதில் விழும்.

கன்னடத்தில் இந்தப் பைக்கு 'ஹடப' என்று பெயர். 12-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டுக் கல்யாண நகரில், சிவபக்தரும் சீர்திருத்தவாதியுமான பசவண்ணருக்கு அணுக்கமாக இருந்தவர் ஹடபத அப்பண்ணா; ஹடபம் சுமந்தவர் என்பதால் வந்த பெயர். அவர் பாடிய 'வசனம்' என்னும் பக்திப் பாக்களைக் கன்னடத்தார் இன்றும் போற்றுகிறார்கள். அவரை எடுபிடி என்று அங்கே யாராவது சொல்வார்களா?

அப்புறம், அடைப்பம் அரண்மனையோடு போய்விடவில்லை. முடிதிருத்துபவர் கத்தியும் கத்தரிக்கோலும் வைத்துக்கொள்ளும் பைக்கும் அதே பெயர்தான். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.