நைட் ஷிப்ட் முடிந்து படுத்தால் இதயம் துள்ளுகிறது என்று கேட்டவருக்கு

வணக்கம். ஒரு துடிப்பு தவறி அடுத்தது ‘டொம்’மென்று அடிப்பதாகவும், ஈசிஜி, எக்கோ இரண்டும் நார்மல் என்றும் எழுதியிருந்தீர்கள். துடிப்பு தவறவில்லை, ஒன்று முந்திக்கொண்டு வருகிறது; இதைத்தான் முன்துடிப்பு என்கிறோம். அதன்பின் வரும் இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்புவதால்தான் அடுத்த துடிப்பு அவ்வளவு பலமாகத் தெரிகிறது. இடப்பக்கம் சாய்ந்து படுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

பழியைக் காபி மேல் மட்டும் போடாதீர்கள். 2023-இல் அமெரிக்காவில் 100 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று வெளியானது. காபி குடித்த நாட்களில் இதயத்தின் மேலறையில் தோன்றும் முன்துடிப்புகள் குறிப்பிடும்படி கூடவில்லை. கீழறை முன்துடிப்புகள் நாளுக்கு 102-இலிருந்து 154 ஆயின. கூடவே தூக்கம் சுமார் 36 நிமிடம் குறைந்தது. உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது தூக்கக் குறைவைத்தான். மது, மன அழுத்தம், பொட்டாசியம் குறைவு, தைராய்டு, வயது எல்லாமே எண்ணிக்கையைக் கூட்டும்.

24 மணி நேர ஹோல்ட்டர் (உடலில் மாட்டிக்கொண்டே இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் கருவி) பரிசோதனை எடுத்துவிடுங்கள். கீழறை முன்துடிப்புகள் மொத்தத் துடிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டினால் தொடர் கண்காணிப்பு தேவை. மயக்கம், நெஞ்சுவலி, உடற்பயிற்சியின்போது துள்ளல் அதிகமாவது, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம், இதில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாமல் இதய மருத்துவரைப் பாருங்கள்.