லூப் நாலைந்து சுற்றில் பாட்டை விட்டு விலகுவது ஏன்?

கேள்வி: இணையத்தில் இறக்கிய தாள லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சிறு தாளத் துண்டு), பாட்டோடு ஓடவிட்டால் நாலைந்து சுற்றில் விலகிவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்? லூப் வைத்து இசையமைப்பது ஏமாற்று வேலை என்கிறார்களே, உண்மையா?

இரண்டாவது கேள்விதான் என்னை எழுத வைத்தது, ஆனால் முதலாவதற்கு முதலில் வருகிறேன். மென்பொருள் காட்டிய பிபிஎம்மையோ (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற கணக்கு), உத்தேசமான ஒன்றையோ அப்படியே நம்பியிருப்பீர்கள். நானும் உத்தேசத்தை நம்பிக் கெட்டவன்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஸ்டுடியோ. கோயில் கொடைகளுக்கு, அதாவது திருவிழாக்களுக்கு, பாட்டு செய்து தருகிறேன். சுடலைமாடன் பாட்டு ஒன்றுக்கு கணியான் கூத்தில் வாசிக்கும் மகுடம் என்ற தோல்கருவி வேண்டியிருந்தது. இணையத்தில் தேடினால் எல்லாம் வடநாட்டு டோல்தான். அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சியை அழைத்து வந்து பதிவு செய்தேன். காதில் ஹெட்போனை மாட்டி வேகத்தைக் காட்டும் கிளிக் சத்தத்தை ஓடவிட்டதும், கழற்றி வைத்துவிட்டார். "இது டிக்கு டிக்குன்னு என் கையப் புடிச்சு இழுக்கு. நீ சும்மா இரு, நான் வாசிக்கேன்" என்றார். சரி என்று விட்டேன்.

அதில் ஒழுங்காக வந்த 16 அடிகளை வெட்டி எடுத்தேன். மென்பொருள் 165 என்றது. காலால் தாளம் போட்டுப் பார்த்தால் 108 போல இருந்தது. 108 வைத்து லூப்பை வரிசையாக ஒட்டினேன். நாலாவது சுற்று முடிவதற்குள் மகுடம் ஓர் அடிக்கு மேல் முன்னால் ஓடிவிட்டது. உங்களுக்கு நடப்பதும் இதுதான்.

உத்தேசமாக மதிப்பிடாதீர்கள், கணக்குப் போடுங்கள். அடிகளின் எண்ணிக்கையை 60-ஆல் பெருக்கி, லூப்பின் நீளத்தை வினாடியில் எடுத்து வகுக்க வேண்டும். என் துண்டு 8.73 வினாடி. 16-ஐ 60-ஆல் பெருக்கினால் 960, அதை 8.73-ஆல் வகுத்தால் 109.97. அதாவது 110. மென்பொருளுக்கு 165 எங்கிருந்து வந்தது என்றால், அது 110-இன் ஒன்றரை மடங்கு. வாசித்தது திஸ்ரம், அடிக்கு மூன்று பங்கு. மென்பொருள் அதை இரண்டிரண்டாக எண்ணிவிட்டது. (சங்கீதம் படித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எனக்குத் தெரிந்த மொழியில் சொல்கிறேன்.)

அத்தோடு நிற்காமல் குவாண்டைஸ் (அடிகளை நேரக் கட்டத்தில் உட்கார வைக்கும் வசதி) வேறு போட்டேன். கட்டம் அடிக்கு நாலு பங்காக இருந்தது. மூன்று பங்கில் விழுந்த அடிகளை எல்லாம் பிடித்து இழுத்து அந்த நாலில் உட்கார வைத்தது. மகுடம் போய் கல்யாண பேண்டு வந்தது. கட்டத்தை டிரிப்லெட்டுக்கு, அதாவது அடிக்கு மூன்று பங்குக்கு, மாற்றுங்கள், இல்லையென்றால் குவாண்டைஸ் பக்கமே போகாதீர்கள். இணைப்பில் 'டப்' என்று கேட்டால் இரு முனையிலும் சில மில்லி வினாடி ஃபேட் (சத்தம் மெல்ல ஏறுவது, இறங்குவது) கொடுத்தால் போதும்.

இனி ஏமாற்று வேலை. இசையமைக்கும் மென்பொருளான எஃப்எல் ஸ்டுடியோவின் பெயரே 2003 வரை ஃப்ரூட்டி லூப்ஸ்தான், இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? லூப் எல்லாவற்றுக்கும் சரி என்று நான் சொல்லவில்லை. கொடையில் சாமி வருகிற நேரம் மகுடத்தின் வேகம் ஏறிக்கொண்டே போகும். அங்கே 110-இலேயே நிற்கும் லூப்பைப் போட்டால் சாமி திரும்பிப் போய்விடும். ஆனால் யாருக்கும் காசு கொடுக்காமல் எடுத்த லூப்புக்கும், ஆளை வரவழைத்து, சம்பளம் கொடுத்து, நானே வெட்டிய லூப்புக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

ஏமாற்று வேலை பார்க்க வேண்டுமென்றால் எங்கள் பக்கத்துக் கொடை நோட்டீஸைப் பாருங்கள். ஐந்நூறு ரூபாய் வரி கொடுத்தவர் பெயர், அவர் மகன் பெயர், மகன் துபாயில் இருக்கும் விவரம் எல்லாம் இருக்கும். விடிய விடிய ஆடிப் பாடுகிறவர்கள் மட்டும் 'கணியான் கூத்து குழுவினர்'. இதைக் கேட்கப் போய் கமிட்டிக்காரர் ஒருவரோடு இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

பாட்டு முடிந்ததும் அண்ணாச்சிக்குப் போனில் போட்டுக் காட்டினேன். கடைசி வரை கேட்டார். "ஏ தம்பி, பன்னெண்டாவது அடில கை லேசா சறுக்கிட்டுன்னு அன்னைக்கே சொன்னம்லா? அதையவா இப்படித் திரும்பத் திரும்ப வச்சிருக்க?" என்றார்.