மலைப்பனியில் ஓடும் ஸ்னோமொபைல்: எந்த நிறுவனத்தின் வண்டியை வாங்குவது?

கேள்வி: என் மகன் கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கம்லூப்ஸ் நகரில் வேலை செய்கிறான். இந்த ஆண்டு மலையில் ஓட்டும் ஸ்னோமொபைல் ஒன்றை வாங்க விரும்புகிறான். ஒரு நண்பர் ஸ்கி-டூ என்கிறார், இன்னொருவர் போலாரிஸ் என்கிறார், மூன்றாமவர் ஆர்க்டிக் கேட் மலிவாகக் கிடைக்கும் என்கிறாராம். காணி விற்ற பணத்தில் ஒரு பகுதியைத் தரும்படி கேட்டிருக்கிறான். பனியையே கண்டிராத எனக்கு இது பற்றி ஒன்றும் விளங்கவில்லை. எது நல்ல வண்டி? பணம் கொடுக்கலாமா? (கொக்குவிலிலிருந்து ஒரு தாயார்)

பதில்: அம்மா, பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைநகர் ஒன்றில் பல பனிக்காலங்கள் இவ்வண்டிகளைத் திருத்தும் வேலை செய்தவன் என்ற முறையில், நேரான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனுக்கு இது முதல் மலைவண்டி என்றால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) பூட்டாத 850 சிசி எஞ்சினும் 154 அங்குல ட்ராக்கும் (பின்னால் சுழலும் பட்டி; போலாரிஸில் அது 155 அங்குலம்) உள்ள ஸ்கி-டூ சம்மிற் அல்லது போலாரிஸ் ஆர்.எம்.கே. இரண்டில் ஒன்றை அவர் எடுக்கலாம். இரண்டில் எது என்பதை, அவருடைய ஊரில் உதிரிப்பாகங்களை இருப்பில் வைத்துப் பனிக்காலத்தின் நடுவிலும் வேலை செய்துகொடுக்கும் முகவர் எந்த நிறுவனத்துக்கு இருக்கிறார் என்று பார்த்துத் தீர்மானிக்கட்டும். பணத்தைப் பொறுத்தவரை, கொடுக்கலாம். ஆனால் முழுவதையும் வண்டிக்கே கொடுக்க வேண்டாம். அதற்கான காரணம் கீழே வருகிறது.

ஸ்னோமொபைல்கள் எல்லாம் ஒரே வகை அல்ல. ஒழுங்குபடுத்திய பனிப்பாதையில் வேகமாக ஓடுபவை ஒரு வகை. எவரும் மிதிக்காத ஆழ்பனியில் மலைச்சரிவில் ஏறுபவை வேறு வகை. முன்னால் இரண்டு பனிச்சறுக்குக் கட்டைகள், பின்னால் ட்ராக் எனப்படும் சுழலும் இறப்பர் பட்டி என்ற அமைப்பு இரண்டுக்கும் பொது. மலைவண்டியில் அந்தப் பட்டி நீளமானது. அதன் வெளிப்புறத்திலுள்ள பற்கள் இரண்டரை முதல் மூன்று அங்குலம் வரை உயர்ந்தவை. சேற்று வயலில் இறக்கும் லான்ட்மாஸ்ரருக்கு இறப்பர் சில்லைக் கழற்றிவிட்டு இரும்புக் கூண்டுச் சில்லைப் பூட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பற்கள் பனியில் செய்வதும் அதே வேலைதான். பட்டியின் முழுச் சுற்றளவைத்தான் 146, 154, 165, 174 அங்குலம் என்று சொல்கிறார்கள். நீளம் கூடக்கூட வண்டி பனியின் மேல் மிதந்து செங்குத்தான சரிவிலும் ஏறும். ஆனால் மரங்களுக்கிடையே திருப்புவது கடினமாகும். 154 என்பது கற்றுக்கொள்பவர் பல ஆண்டுகள் வைத்திருக்கக்கூடிய அளவு. உயரமும் உடல் எடையும் அதிகமானவர் என்றால் 165 வரை போகலாம்.

அடுத்தது உயரம். மேலே போகப்போகக் காற்றின் அடர்த்தி குறைவதால், சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 300 மீற்றருக்கும் ஏறத்தாழ மூன்று வீத வலுவை இழக்கும். அப்பக்கத்து மலைகளில் இவ்வண்டிகள் பெரும்பாலும் ஓடுவது நுவரெலியாவின் உயரத்திலும் (1868 மீற்றர்) அதற்கு மேலும்தான். அங்கே 165 குதிரைவலு என்று விற்கப்படும் எஞ்சினிடம் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான் மிஞ்சியிருக்கும். இந்த இழப்பை ஈடுசெய்யவே டர்போ வந்தது. ஸ்கி-டூ 2020ஆம் ஆண்டு மாதிரியில், தொழிற்சாலையிலேயே டர்போ பூட்டிய டூ ஸ்ட்ரோக் எஞ்சினைக் கொண்டுவந்தது. 8000 அடி வரை 165 குதிரைவலு குறையாது என்பது அதன் உறுதி. போலாரிஸ் 2022 மாதிரியில் பேட்ரியட் பூஸ்ட் என்ற பெயரில் பதில் கொடுத்தது. இரண்டும் அருமையான எஞ்சின்கள். ஆயினும் முதல் இரண்டு பனிக்காலங்களில் ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியது வண்டியைச் சரித்து, சரிவின் குறுக்கே சமநிலையோடு ஓட்டும் கலையை. அதற்கு அந்த மேலதிக வலு உதவாது. தன் திறமைக்கு மீறிய சரிவில் அவரைக் கொண்டுபோய் நிறுத்திவிடவும் கூடும்.

இனி நிறுவனங்கள். ஸ்கி-டூ, கியூபெக் மாகாணத்தின் வல்கூர் ஊரில் 1959இல் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே தொடங்கிய வண்டி, இன்று பி.ஆர்.பி. நிறுவனத்தின் வணிகப்பெயர். அதன் சம்மிற் வண்டியில் டீ-மோஷன் என்றொரு பின் சஸ்பென்ஷன் உண்டு. ட்ராக்கைத் தாங்கும் பின்பகுதி சற்றே பக்கவாட்டில் வளைந்து கொடுப்பதால், ஓட்டுநர் அதிகம் பலம் போடாமலே வண்டி சரிந்துவிடும். உடல்வலிமையை விட நுட்பத்தை நம்பி ஓட்டுபவருக்கும் நாள் முழுக்க ஓட்டிக் களைத்தவருக்கும் இது பெரிய உதவி. 850 இ-டெக் எஞ்சின் பெற்றோலை நேரே எரியறைக்குள் தெளிப்பதால் எரிபொருளும் ஒயிலும் மட்டாகவே செலவாகும். ஷொட் எனும் ஸ்டார்ட்டர் உள்ள வண்டியில் கனமான பேட்டரி கிடையாது: காலையில் ஒருமுறை கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்தால் ஒரு மின்தேக்கி நிரம்பிக்கொள்ளும், பிறகு அன்று முழுவதும் பொத்தானை அழுத்தினால் போதும். இடுப்பளவு பனியில் புதைந்து, கால் ஊன்ற இடமில்லாமல் நிற்கும்போதுதான் இதன் அருமை தெரியும்.

போலாரிஸ் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ரோசோ ஊரில் பிறந்தது. ஆர்.எம்.கே. வண்டியின் சிறப்பு அதன் துல்லியம்: ஹேண்டிலைத் திருப்பிய அளவுக்கே வண்டி திரும்பும், பிடித்த கோட்டை விட்டு இலகுவில் விலகாது. பல நிறுவனங்கள் எஞ்சின் வலுவை ட்ராக்குக்குக் கடத்த எண்ணெயில் ஊறும் சங்கிலியை நம்பியிருந்த காலத்தில், போலாரிஸ் 2013இலேயே மலைவண்டிக்குப் பல்வைத்த பெல்ட்டைக் கொண்டுவந்தது. எடை குறைந்தது, எண்ணெய் மாற்றும் வேலையும் இல்லாமற்போனது. ஆனால் அந்த பெல்ட்டின் பற்களையும் இழுவையையும் ஒவ்வொரு பனிக்காலத் தொடக்கத்திலும் கண்ணால் பார்த்தேயாக வேண்டும். சங்கிலி நீண்ட நாள் முனகி எச்சரித்துவிட்டுப் போகும், பெல்ட் அறுந்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவீர்கள்.

இங்கே நண்பர்களின் விவாதங்களில் பெரும்பாலும் விடுபடும் ஒன்று இருக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கிடையே உள்ள வேறுபாடு, பல வேளைகளில் இரு நிறுவனங்களுக்கிடையே உள்ளதைவிடப் பெரியது. போலாரிஸில் புரோ என்பது அமைதியாக ஏறும் வண்டி. கேயோஸ் என்பது முன்பகுதியைத் தூக்கித் துள்ளவென்றே அமைக்கப்பட்டது. ஸ்கி-டூவில் சம்மிற் ஆழ்பனிக்கு. ஃப்ரீரைட் குதித்திறங்கும் முரட்டு ஓட்டத்துக்கு, அதனால் சஸ்பென்ஷனும் கடினம். உங்கள் மகன் "போலாரிஸ் எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொன்னால், எந்த போலாரிஸை ஓட்டினார் என்று கேளுங்கள்.

ஆர்க்டிக் கேட் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பொறியியலில் அது குறைந்த வண்டி அன்று. 2019 மாதிரியில் வந்த ஆல்ஃபா வன் என்ற பின் சஸ்பென்ஷனில் இரு தண்டவாளங்களுக்குப் பதிலாக நடுவில் ஒரே ஒரு தண்டுதான். வண்டியை எந்தக் கோணத்திலும் சரிக்க அது வியப்பூட்டும் வகையில் இடம்கொடுக்கும். 2024 மாதிரியில் வந்த கேட்டலிஸ்ட் சட்டகமும் எடை குறைந்த, நன்றாகச் சிந்தித்த வேலை. சிக்கல் நிறுவனத்தின் நிலைமையில்தான். 2017இல் டெக்ஸ்ட்ரோன் அதை வாங்கியது. 2024இன் இறுதியில் உற்பத்தியை இடைநிறுத்தும் அறிவிப்பு வந்தது. 2025இல் அது புதிய உரிமையாளர்களின் கைக்கு மாறியது. புதியவர்கள் நன்றாக நடத்த வேண்டும் என்பது என் உண்மையான விருப்பம், ஏனெனில் போட்டி குறைந்தால் நட்டப்படுபவர் ஓட்டுநர்தான். ஆனாலும் முதல் வண்டி வாங்குபவர், உதிரிப்பாகமும் மறுவிற்பனை விலையும் நிச்சயமில்லாத இடத்தில் தாயின் பணத்தைப் போடக்கூடாது என்பது என் கருத்து. வீட்டுக்கருகில் நம்பகமான ஆர்க்டிக் கேட் முகவர் இருந்து, விலையும் கணிசமாகக் குறைந்தால் மட்டும் யோசிக்கலாம்.

யமஹா என்ற பெயரைக் கண்டு உங்களுக்கு நம்பிக்கை பிறக்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் அப்பெயருக்கு மோட்டார் சைக்கிளிலும் மீன்பிடி எஞ்சினிலும் அத்தனை மதிப்பு. ஆனால் ஸ்னோமொபைல் தொழிலிலிருந்து விலகுவதாக யமஹா 2023இல் அறிவித்துவிட்டது. வட அமெரிக்காவில் 2025 மாதிரியே கடைசி. லிங்க்ஸ் என்பது பின்லாந்தில் தயாராகும், பி.ஆர்.பி.யின் மற்றொரு வணிகப்பெயர்; உறுதியான வண்டி, ஆனால் அனுபவசாலிகளுக்கே பொருந்தும்.

விளம்பரத்தில் போடும் எடையை ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். அது பெற்றோலும் ஒயிலும் இல்லாத வெற்று எடை. 36 லீற்றர் பெற்றோல் மட்டுமே ஏறக்குறைய 27 கிலோ. அதனோடு பனியும் ஐஸும் ஒட்டிக்கொண்டால், இரு வண்டிகளுக்கிடையே இருப்பதாகச் சொல்லப்படும் இரண்டு மூன்று கிலோ வேறுபாடு எங்கே போனதென்றே தெரியாது.

பழைய வண்டியா புதியதா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் புதிய 850 வண்டி வரியோடு 20,000 கனேடிய டொலரை எளிதில் எட்டிவிடும் என்பதால், இரண்டு மூன்று ஆண்டு ஓடிய வண்டியைப் பார்ப்பதே புத்தி. இந்த எஞ்சின்களுக்குக் காரில் உள்ளதுபோன்ற ரேடியேட்டர் கிடையாது. ட்ராக் சுழன்று எறியும் பனி, மேலேயுள்ள அலுமினியக் குளிர்விப்பானில் பட்டு உருகும்போதுதான் எஞ்சின் குளிர்கிறது. ட்ராக் உராயும் பிளாஸ்டிக் பட்டைகளுக்கு வழுக்கல் தருவதும் அதே பனிதான். மலைக்குப் போகும் இறுகிய பாதையில் பனி கிளம்பாது. அதற்காகத்தான் பாதையைக் கீறி பனித்தூளைக் கிளப்பும் கம்பிகள் இரண்டு பூட்டப்படுகின்றன. அவற்றை இறக்கிவிடாமல் ஓட்டும் பழக்கமுள்ளவரின் வண்டியை அடையாளம் காண்பது கடினமன்று: பின்பகுதியை உயர்த்தி, அந்தப் பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பில் விரலை ஓட்டினால், ஒரே சீராகத் தேயாமல் உருகி அலையலையாகக் கெட்டியாகியிருக்கும். அப்படியிருந்தால் எஞ்சினும் பலமுறை கொதித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு எஞ்சின் மூடியைத் திறந்து, முன்சட்டகத்தில் புதிதாகப் பூசிய வர்ணமோ நெளிவோ இருக்கிறதா என்று பார்க்கட்டும். சிலிண்டர்களின் அமுக்கத்தை அளக்கச் சொல்லட்டும், இரண்டு அளவும் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். வண்டியின் தொடரிலக்கத்தைக் கொண்டு, மீளழைப்பு (பழுதைத் திருத்த நிறுவனமே வண்டியைத் திருப்பி அழைப்பது) எதுவும் நிலுவையில் உள்ளதா என்று முகவரிடம் கேட்கட்டும். கனடாவின் போக்குவரத்துத் திணைக்களமும் ஸ்னோமொபைல் மீளழைப்புகளைப் பதிவில் வைத்திருக்கிறது.

இனிப் பணத்தை ஏன் முழுவதும் வண்டிக்குக் கொடுக்க வேண்டாம் என்றேன் என்பது. அந்த மலைகளில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வண்டியின் பழுதன்று, பனிச்சரிவு. 2010 மார்ச் 13 அன்று ரெவல்ஸ்ரோக் அருகேயுள்ள பௌல்டர் மலையில் ஸ்னோமொபைல் ஓட்டுநர்கள் திரண்டிருந்த இடத்தில் பனிச்சரிவு இறங்கி, இருவர் இறந்தனர். முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். புதைந்தவரை முதல் பத்து நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பின் அது வேகமாகச் சரியும். மீட்புக்குழு வரும்வரை காத்திருக்க நேரமில்லை, கூடப் போனவர்கள்தான் தோண்ட வேண்டும். அதற்கு ஒவ்வொருவரின் உடலிலும் புதைந்த இடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, முதுகுப்பையில் மண்வெட்டி, பனியைக் குத்தித் தேடும் நீளக்கோல் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மண்வெட்டியை வண்டியில் கட்டிவைப்பவர்களைக் கண்டிருக்கிறேன். வண்டியும் சேர்ந்து புதைந்தால் அது யாருக்கும் உதவாது. பனிச்சரிவில் ஆளை மேலே மிதக்கவைக்க உதவும் காற்றுப்பை உள்ள முதுகுப்பையும் வாங்கினால் நல்லது. இவற்றோடு, ரெவல்ஸ்ரோக்கைத் தலைமையிடமாகக் கொண்ட அவலாஞ்ச் கனடா அமைப்பு வகுத்துள்ள ஏ.எஸ்.ரி. 1 என்ற இரண்டு நாட் பயிற்சியை, வண்டியை மலையில் ஏற்றுமுன் அவர் முடித்திருக்க வேண்டும். அந்த அமைப்பு பனிக்காலத்தில் வெளியிடும் ஆபத்து அறிவிப்பைப் புறப்படும் ஒவ்வொரு காலையிலும் வாசிக்க வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்தக் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் உரிய பணத்தை முதலில் அனுப்பி, பயிற்சி முடித்த சான்றிதழின் படம் வந்த பிறகே வண்டிக்குரியதை அனுப்புவேன். இது அவர்மீது நம்பிக்கையின்மை அன்று. கூடப்போகும் நண்பர்களின் உயிரும் அவருடைய பயிற்சியில்தான் தங்கியிருக்கிறது.

மாகாண அரச நிலத்தில் ஓட்ட வண்டியைப் பதிவுசெய்து இலக்கத்தகடோ இலக்க ஒட்டியோ பெற வேண்டும் என்பதையும் அவர் மறக்கக்கூடாது.

வாங்கும் காலத்தைப் பொறுத்து: ஸ்கி-டூவும் போலாரிஸும் தங்கள் சிறந்த மலைவண்டிகளில் பலவற்றை, பனிக்காலம் முடியும் வசந்தத்தில் முன்பதிவு செய்பவருக்கே கொடுக்கின்றன, அப்போது நீட்டிய உத்தரவாதமும் கிடைப்பதுண்டு. அப்படி முன்பதிவு செய்பவர்கள் தங்கள் பழைய வண்டிகளை விற்கத் தொடங்குவதும் அதே மார்ச், ஏப்ரல் மாதங்களில்தான். முதற்பனி விழுந்ததும் பழைய வண்டிகளின் விலை மீண்டும் ஏறிவிடும். ஆகவே இந்தப் பனிக்காலத்தில் அவர் பயிற்சியை முடித்து, வாடகைக்கு ஒரு சம்மிற்றையும் ஒரு ஆர்.எம்.கே.யையும் தனித்தனி நாட்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஏப்ரலில் வாங்கட்டும்.