வேலை தேடினானா, வேலைத் தேடினானா? – வாசகர் கேள்வி பதில்

புத்தகம் போடும் ஆசையில் பிரதியை எழுதி வைத்துக்கொண்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்கள் கேட்கலாம் என்று போன இதழில் ஒரு வரி எழுதியதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த முறை கடலூர், புதுச்சேரிக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நானும் இந்தப் பக்கம்தான், ஊர் விஷயம் கொஞ்சம் தெரியும்.

32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 340 பக்கத்தில் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இருக்காது. பதிப்பாளரோ, ‘யாராவது எடிட்டரிடம் காட்டிவிட்டு வாங்க சார்’ என்கிறார். எனக்கு எதற்கு எடிட்டர்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மஞ்சக்குப்பம்

ஐயா, கோபப்படாதீர்கள். பதிப்பாளர் உங்கள் தமிழைச் சந்தேகப்படவில்லை. ‘வேலை தேடினான்’ என்றால் உத்தியோகம், ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! அதைப் பார்ப்பவர் மெய்ப்புத் திருத்துபவர், அவர் கடைசியில் வருவார். எடிட்டர் பார்ப்பது வேறு.

என் கைக்கு வந்த ஒரு நாவலைச் சொல்கிறேன். கதை 1978-இல் நடக்கிறது. நாயகனின் அப்பாவுக்குக் கடலூர் மாவட்ட கலெக்டர் ஆபீசில் குமாஸ்தா வேலை. ஒற்று, புணர்ச்சி எல்லாம் சுத்தம். ஆனால் கடலூர் மாவட்டம் பிறந்ததே 1993-இல்தான், அதுவரைக்கும் தென்னாற்காடு மாவட்டம். கலெக்டர் அப்போதும் கடலூரில்தான் உட்கார்ந்திருந்தார் என்பதால் எழுதியவருக்குச் சந்தேகமே வரவில்லை. இன்னொரு பிரதியில், சுனாமி வந்த காலையில் பிள்ளைகள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறார்கள். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. அந்த நாளைத் தேவனாம்பட்டினத்தில் யாரும் மறக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து எழுத்தாளரை நம்பிக் கூடவே வந்த வாசகர் அந்த ஒரு வரியில் புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவார்.

அப்புறம், மூன்றாம் அத்தியாயத்தில் அத்தையாக இருந்தவர் பதினோராம் அத்தியாயத்தில் சித்தியாகிவிடுவார். கதை நாற்பதாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கும். அந்த நாற்பது பக்கமும் எழுதியவருக்கு உயிர், ஏனென்றால் அதில்தான் அவருடைய தாத்தா இருக்கிறார். ‘இதை எடுத்துவிடலாமா?’ என்று கேட்க வெளியாள் ஒருவர் வேண்டும். வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

ஆசிரியர்கள் எழுதும் நாவலில் ஒரு வழக்கம் பார்த்திருக்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: ஒரு காட்சியை அருமையாக எழுதிவிட்டு, கடைசி பெஞ்சுக்கும் புரியவேண்டும் என்று அடுத்த பத்தியில் அதற்கு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கங்களை மட்டும் அடித்துப் பாருங்கள். அச்சில் 16 பக்கம் ஒரு பாரம். இரண்டு பாரம் குறைந்தால் பதிப்பாளரும் சந்தோஷப்படுவார்.

எடிட்டரிடம் கொடுக்கும் முன்னால் ஒரு மாதம் பிரதியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுங்கள். பிறகு எடுத்து வாய்விட்டுப் படியுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, யாருக்கு யார் என்ன முறை, எந்த ஆண்டில் என்ன நடக்கிறது, இவ்வளவையும் ஒரே தாளில் எழுதிப் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள். பாதிச் சிக்கல் அந்தத் தாளை எழுதும்போதே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று ஒருவர் மொத்தமாக ஒரு தொகை கேட்கிறார். எடிட்டிங், அட்டை, ஐஎஸ்பிஎன் என்கிற புத்தக அடையாள எண் எல்லாம் அதற்குள் அடக்கம் என்கிறார். நம்பலாமா?
– வாசகி, முத்தியால்பேட்டை

ஆளை எனக்குத் தெரியாது, அதனால் அவரைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ‘எடிட்டிங் உண்டு’ என்ற ஒரு சொல்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். என்ன எடிட்டிங்? கதையின் அமைப்பைப் பார்த்து அத்தியாயத்தை முன்னே பின்னே மாற்றச் சொல்வதா, வாக்கியம் வாக்கியமாகச் செம்மை செய்வதா, வெறும் பிழைதிருத்தமா? மூன்றும் மூன்று வேலை, மூன்றுக்கும் ஆகும் நாளும் கூலியும் வேறு. செய்யப்போகிறவர் யார் என்று கேளுங்கள். பிரதியின் நடுவிலிருந்து பத்துப் பக்கம் கொடுத்து மாதிரி செய்துதரச் சொல்லுங்கள். முதல் பத்துப் பக்கம் வேண்டாம், அதை நீங்களே நூறு தடவை தேய்த்திருப்பீர்கள். வேர்டில் ‘ட்ராக் சேஞ்சஸ்’ போட்டுத்தான் திருத்தவேண்டும், அப்போதுதான் எது போனது, எது வந்தது என்று கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் ஏற்பதும் தள்ளுவதும் உங்கள் கையில்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் முதல் சிறுகதைத் தொகுப்பு இப்படிப்பட்ட ஒரு ‘எல்லாம் அடக்கம்’ ஏற்பாட்டில்தான் வந்தது. எடிட் செய்தவர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ‘பாண்டி’ என்று நான் எழுதியிருந்தது பேச்சுவழக்காம். தொகுப்பு முழுக்க ‘புதுச்சேரி’ என்று ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார். அச்சாகி வந்த புத்தகத்தில் என் கதாநாயகன் பாண்டியன், ‘புதுச்சேரியன்’ ஆகியிருந்தான். தி.நகரில் அவன் சட்டை வாங்கிய இடம் ‘புதுச்சேரி பஜார்’. முந்நூறு பிரதி. வெட்கத்தில் பாதியைப் பரணில் போட்டுவிட்டேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

திருத்தம் எல்லாம் முடிந்து நீங்கள் சரி சொன்ன பிறகுதான் லே-அவுட்டுக்கு, அதாவது பக்க வடிவமைப்புக்குப் போகவேண்டும். லே-அவுட் முடிந்தபின் பத்தியை நகர்த்தினால் பக்கம் பக்கமாக எல்லாம் தள்ளிக்கொண்டு போகும், திருத்தியதில் புதுப் பிழை வரும். லே-அவுட் ஆன பக்கங்களை பிடிஎஃப்பில் பார்க்காமல் தாளில் எடுத்து ஒரு முறை படியுங்கள்.

ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் கட்டணம் போட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, எழுத்தாளரே விண்ணப்பிக்கலாம். ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை ஆண்டுக்கு என்று பாருங்கள். எதுவும் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமைச் சட்டம் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ‘நிரந்தரமாக’ என்ற சொல் எங்காவது ஒளிந்திருந்தால் அதை அடிக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

எங்கள் குப்பத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்தவர் வசனத்தையெல்லாம் நல்ல தமிழில் மாற்றச் சொல்கிறார்.
– வாசகர், தேவனாம்பட்டினம்

மாற்றாதீர்கள் தம்பி. ‘இன்னைக்குப் பாடு இல்ல’ என்று சொல்லிக்கொண்டு கரையேறுகிறவரை ‘இன்று மீன் கிடைக்கவில்லை’ என்று பேசவைத்தால் அவர் மைக் பிடித்துச் செய்தி வாசிப்பதுபோல் இருக்கும். கரிசல் வழக்குக்கு அகராதியே தொகுத்த எழுத்தாளர் கி.ரா. (கி. ராஜநாராயணன்) பல ஆண்டுகள் குடியிருந்தது பக்கத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டையில்தான். இங்கே உட்கார்ந்துகொண்டு வட்டார வழக்கைப் பிழை என்று அடிக்கிறவரிடம் பிரதியைக் கொடுக்கவே வேண்டாம்.

ஆனால் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே ஆள் ஒரு பக்கத்தில் ‘பூட்டான்’ என்றும் அடுத்த பக்கத்தில் ‘போயிட்டான்’ என்றும் பேசக்கூடாது. ஆயா ‘பூட்டான்’ என்பார், காலேஜுக்குப் போகும் பேரன் ‘போயிட்டான்’ என்பான், அது சரி. யார் எப்படிப் பேசுவார், எந்தச் சொல்லை எப்படி எழுதுவது என்று ஒரு பட்டியல் போட்டு எடிட்டரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர்ப் பெயர் திருப்பாதிரிப்புலியூரா, பேச்சில் வரும் திருப்பாப்புலியூரா என்பதும் அந்தப் பட்டியலில் வரவேண்டும். கதைசொல்லி ஒன்றைச் சொல்லட்டும், பாத்திரங்கள் மற்றதைச் சொல்லட்டும், தப்பில்லை. வசனத்துக்கு வெளியே வரும் உரைநடையில் சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி பக்கத்தில் இருக்கட்டும். பாடு, கரைவலை, கொண்டல் மாதிரிச் சொற்களுக்குக் கடைசியில் ஒரு பக்கம் பொருள் கொடுத்தால் போதும், அடிக்குறிப்பு வேண்டாம்.

பதினைந்து வருடத்துக்கு முன்னால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கட்டுரைகள். அப்படியே எடிட்டருக்கு அனுப்பலாமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

முதலில் இப்போது எல்லாரும் பயன்படுத்தும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றியபின் ஒரு முறை கண்ணால் பாருங்கள், கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும், நடுவில் வந்த ஆங்கில வார்த்தைகள் எல்லாம் புரியாத தமிழாகியிருக்கும். ‘கௌரவம்’ என்பதில் கௌ ஒரே எழுத்து. நிறையப் பேர் ‘கெ’ அடித்துப் பக்கத்தில் ‘ள’ அடித்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், கணினியில் தேடினால் கிடைக்காது. துணைக்கால் வரவேண்டிய இடத்தில் ‘ர’ இருப்பதும் இதே கதைதான். இதையெல்லாம் சரிசெய்யாமல் அனுப்பினால் எடிட்டருக்கு நீங்கள் கொடுக்கும் கூலியில் பாதி இதற்கே போய்விடும்.

இப்போதுதான் ஏஐ இருக்கிறதே, அதில் போட்டால் எடிட் செய்து தராதா?
– கல்லூரி மாணவி, காலாப்பட்டு

எழுத்துப்பிழை தேட வைத்துக்கொள்ளலாம். திருத்திக் கொடு என்று மொத்தமாக ஒப்படைத்தால் உங்கள் நடையை வழவழவென்று தேய்த்துவிடும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாக்கியத்தை விழுங்கியும் விடும். வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமை இருந்தால் பயன்படுத்துங்கள்.

நாவலில் ஒவ்வொரு அத்தியாயத் தொடக்கத்திலும் சினிமாப் பாட்டு இரண்டு வரி போட்டிருக்கிறேன். எடிட்டர் எடுக்கச் சொல்கிறார். சரியா?
– வாசகர், வில்லியனூர்

சரிதான். பாட்டு எழுதியவரின் ஆயுளுக்கும் அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் பதிப்புரிமை உண்டு. பாரதி மறைந்தது 1921-இல், அவர் வரிகளைத் தாராளமாக எடுத்தாளலாம். சினிமாப் பாட்டு என்றால் உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிப்பிடித்து அனுமதி வாங்கவேண்டும், அதுவும் எழுத்தில். போனில் ‘போட்டுக்கோங்க’ என்று சொன்னதை நம்பி அச்சுக்குக் கொடுக்காதீர்கள். பாட்டின் பெயரைக் குறிப்பிடத் தடையில்லை. டீக்கடை ரேடியோவில் இன்ன பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதிவிட்டுப் போங்கள்.